மேலே நடப்பவர்கள்

கூரையோரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுத்தான் சைகல் விழித்துக்கொண்டாள். விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஏப்ரலில், அந்த வேளையில், துயுக் பள்ளத்தாக்கில் எதுவுமே சொட்டக் கூடாது. பகல் வெயிலில் இளகிய பனி இரவில் மறுபடி இறுகி, காலையில் குதிரை நடந்தாலும் குளம்பு பதியாத தளமாகக் கிடக்க வேண்டும். அந்த இறுக்கம் இருக்கும்வரைதான் மலை மனிதர்களைத் தன்மேல் ஏறவிடும். சன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். காற்று கன்றுக்குட்டியின் மூச்சுபோல் வெதுவெதுவென்று உள்ளங்கையில் படிந்தது; ஈர மண்ணின் வாசனையும், பனிக்கடியில் மக்கிய போன வருடத்துப் புல்லின் வாசனையும் இருட்டிலிருந்து ஏறி வந்தன.

கணவன் குபாத்தை உலுக்கினாள். அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"சொட்டுதா?"

"சொட்டுது."

"அப்போ இன்னிக்கு மலைக்கு லீவு. தூங்கு."

"வாடிம்கிட்ட யார் சொல்றது? அந்த ஆளு ஒரு வாரமா அந்தச் சரிவுல சறுக்கியே தீரணும்னு குதிக்கிறான்."

"மெதெத் சொல்லட்டும். அவன் மூஞ்சியப் பாத்தா யாருக்கும் சண்ட போடத் தோணாது."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி மெதெத்தின் தூக்கக் குரல் வந்தது. "எனக்குக் காது கேக்கும்ணே."

குபாத் போர்வைக்குள் சிரித்தான். அவன் சிரித்தால் கட்டில் முழுக்கச் சிரிக்கும். அந்தக் குலுக்கலை முதுகில் வாங்கிக்கொண்டு சைகல் இன்னும் சற்று நேரம் படுத்திருந்தாள்.

அந்தக் குடில் ஒரு காலத்தில் ஆட்டுக்காரர்களுக்கு உரியது. அதை வாங்கி, படுக்கைகள் போட்டு, பனிச்சறுக்குப் பலகைகளோடு வரும் வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்து மலைக்குக் கூட்டிப்போவதுதான் மூன்று பேருக்கும் பிழைப்பு. அண்ணனும் தம்பியும் வழிகாட்டிகள். சைகல் சமையல், அடுப்பு, மற்ற எல்லாம். மகள் நுரைம் கீழே கிராமத்தில் பாட்டியிடம் இருந்து பள்ளிக்குப் போனாள். இப்போது தங்கியிருந்தவர்கள் அல்மாட்டியிலிருந்து வந்த இருவர்: வாடிம், அவனுடைய ஒல்லியான நண்பன் கிளெப்.

தேநீர் கொடுக்கப் போனபோது அவர்களுடைய அறை காலியாக இருந்தது. காலணிகள் இல்லை. பலகைகள் இல்லை. வேண்டாம் என்று யாரும் தடுத்துவிடுவதற்கு முன்பே, இருட்டோடு கிளம்பியிருக்கிறார்கள். முற்றத்தைக் கடந்து போன இரண்டு கோடுகள், இறுகாத பனியில் ஆழமாக, சேற்றில் வண்டி போன தடம்போல் வெயில்படும் சரிவை நோக்கிப் போயிருந்தன.

குபாத் கோபப்படவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. நின்றபடியே அரைக் கிண்ணம் தேநீர் குடித்தான்; பனிக்குள் புதைந்தாலும் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சிக்னல் கருவியை மார்பில் கட்டிக்கொண்டான்; எண்ணெயில் பொரித்த பூர்சோக்கு ரொட்டி இரண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். போகாதே என்று அவளால் சொல்ல முடியவில்லை. அங்கே இரண்டு பேர் இருந்தார்கள்.

"நெழல் பக்கமா ஏறு," என்றாள்.

"நீ சொன்னதக் கேட்டுத்தான இத்தன வருஷம் உயிரோட இருக்கேன்," என்றான். மெதெத் ஏற்கெனவே முற்றத்தில் நின்றிருந்தான். இருவரும் மேட்டைத் தாண்டி மறைகிறவரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

வெயில் ஏறியது. சொட்டு ஓட்டமாயிற்று. முற்றத்துப் பனிக்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஓடைகள் களகளவென்று பேச ஆரம்பித்தன; எதிர்ச்சரிவில் பனி தானாகவே சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு, பின்னால் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் உருண்டு வந்தது. முதலில் ஒன்று. பிறகு நாலைந்து. பிறகு சரிவு முழுக்க அந்தக் கோடுகள், யாரோ நகத்தால் கீறிய முகம்போல். சைகல் மாவு பிசைந்தாள். சன்னலைப் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு பிசைந்தாள். வாக்கி-டாக்கி உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது.

முதலில் சத்தம் வரவில்லை. மேசைமேல் இருந்த கிண்ணத்தில் தேநீர் வட்டம் வட்டமாகச் சிலிர்த்தது. அதற்குப் பிறகுதான் வந்தது: லாரி லாரியாகக் கருங்கல்லை யாரோ பள்ளத்தாக்கில் கொட்டுவதுபோல், மேட்டுக்கு அப்பாலிருந்து, தாழ்ந்து, நீண்டு, நிற்கவே நிற்காமல். நின்றபோது ஓடைகள்கூட ஓய்ந்துபோனதுபோல் இருந்தது.

வாக்கி-டாக்கியை மாவுக் கையால் பிடித்து அழைத்தாள். இரைச்சல். மறுபடி அழைத்தாள். இரைச்சல் மட்டும்.

மேல்சட்டையை எடுத்துக் கையை நுழைத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. குபாத் வந்தான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உயிரே போய்விட்டது எனக்கு என்று திட்டினாள். மற்றவர்கள் எங்கே என்று கேட்டாள். மேட்டுக்கு அப்பாலிருந்து இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தாய் என்றும் கேட்டாள். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கே உறைத்தது. வாசலில் காலணியை இரண்டு தட்டுத் தட்டுவது அவன் வழக்கம், தட்டவில்லை. கையுறை இல்லை. பலகைகள் இல்லை. அடுப்பை ஒட்டிய பெஞ்சில் போய் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டான். எதையோ கவனமாகக் கேட்கிறவன்போல்.

பால் ஊற்றிய தேநீரை அவன்முன் வைத்தாள். அவன் தொடவில்லை.

"நுரைமுக்குச் சட பின்னியாச்சா?" என்றான்.

"அவ உங்கம்மா வீட்ல இருக்கா. என்ன ஆச்சு உனக்கு?"

"சிவப்பு ரிப்பன் கட்டு. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

தலையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்தாள். அடிபட்டவர்கள் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டால் தெளிந்துவிடும். அடுப்பில் இன்னும் இரண்டு கட்டைகளைத் திணித்தாள். இரும்பு சிவந்தது. அவன் தோளிலும் தொப்பியிலும் தாடியிலும் பனி அப்பியிருந்தது. தட்டிவிடக் கையை வைத்தாள்.

உதிரவில்லை. சிமென்ட்போல் கெட்டித்துப்போயிருந்தது. விரல் நகம் வழுக்கியது. அவ்வளவு அனலுக்குப் பக்கத்தில், அந்தப் பனியிலிருந்து ஒரு துளி நீர்கூட வடியவில்லை. அவன் காலடியில் தரை உலர்ந்து கிடந்தது. வெளியே மலை முழுவதும் உருகிக்கொண்டிருந்தது. இந்தக் கைப்பிடிப் பனி மட்டும் உருகவில்லை.

கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி." வாக்கி-டாக்கியில் மெதெத். மூச்சு வாங்கியது. "அண்ணி, கேக்குதா?"

அவன் துண்டு துண்டாகச் சொன்னான். சரிவின் நடுவில் இரண்டு பேரையும் பிடித்துவிட்டார்கள். கிளெப்பின் சிக்னல் கருவி முந்தின நாளே செத்துப்போயிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. குபாத் தன்னுடையதைக் கழற்றி அவன் மார்பில் கட்டிவிட்டான். ஒவ்வொருவராகப் பாறைப் பக்கம் கடக்க வைத்தான். தான் கடைசியாக வந்தான். அவன் நடுவில் இருக்கும்போது உச்சியிலிருந்து புல்தரைவரை சரிவு மொத்தமும் பெயர்ந்து வந்துவிட்டது.

"அண்ணன் உள்ள இருக்காரு அண்ணி. கருவி அவர்கிட்ட இல்ல. பலககூடத் தெரியல. நாங்க மூணு பேரும் கோல விட்டுக் குத்திக் குத்திப் பாக்கறோம். எங்கன்னே தெரியல."

சைகல் பொத்தானை அழுத்தினாள். அவர் இங்கேதான் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் குபாத் சொன்னான்: "மேல யாரோ நடக்கறாங்க."

அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சைகலும் பார்த்தாள். புகை படிந்த கட்டைகள். வெளியே சொட்டுச் சத்தம். வேறொன்றுமில்லை.

பனியில் புதைந்து மீண்டவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் சொல்வார்கள். மேலே நடக்கிறவர்களின் காலடி கேட்கும், பேச்சு கேட்கும், அவர்கள் இருமினால்கூடக் கேட்கும். கீழே இருப்பவன் கத்துவது மட்டும் மேலே கேட்காது. கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் ஆள் பிழைப்பான். அதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி.

அவளுடைய உடம்பிலிருந்த பயம் அத்தனையும் ஒரே இடத்தில் வந்து குவிந்தது. பயத்துக்கு நடுவில், சின்னதாக, சூடாக ஒரு நினைப்பு. பேசுகிறானே. பேசுகிறவன் செத்தவனாக இருக்க முடியாதே.

மேசைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டாள். அவனைத் தொடவில்லை.

"குபாத். யாரு நடக்கறா?"

"மெதெத். வலது காலத் தேச்சுத் தேச்சு நடப்பானே, அவன்தான்." பிறகு, "போறான். எனக்குக் கீழ்ப்பக்கமாப் போறான். அங்க இல்ல. மேல வரச் சொல்லு."

பொத்தானை அழுத்தினாள். "மெதெத், மேல ஏறு. நீ ரொம்பக் கீழ இருக்க."

"அண்ணி?"

"ஏறுடா."

இரைச்சல். காத்திருந்தாள். குபாத்தின் தலை காலடி போகும் பக்கமெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பியது. பூனை எலியின் சத்தத்தைத் தொடர்வதுபோல். அவன் பேசும்போது உதடு அசைந்தது, ஆனால் மூச்சு வரவில்லை. அதைப் பார்க்காமலிருக்க அவன் கைகளையே பார்த்தாள். மாவு பிசைய உதவும் கைகள். மகளுக்குக் கோணல் வகிடெடுக்கும் கைகள். நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

"எடது பக்கம்," என்றான்.

"எடது பக்கம், மெதெத்."

"இன்னும் கொஞ்சம். சாஞ்ச தேவதாரு இருக்கும் பாரு, அதுக்கு நேரா."

"சாஞ்ச மரத்துக்கு நேரா."

மெதெத்தின் குரல் மாறியிருந்தது. "இங்க ஒரு மரம் சாஞ்சு கெடக்கு. இது இப்பத்தான் சாஞ்சது அண்ணி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் குபாத்தின் பக்கம் திரும்பினாள்.

"என் மேலதான் நிக்கிறான்," என்றான் குபாத். குரலில் சிரிப்பு. காலையில் கட்டிலைக் குலுக்கிய அதே சிரிப்பு. "மடையன், என் நெஞ்சு மேலயே நிக்கிறான்."

"அங்கயே குத்து," என்றாள். "அங்கதான். குத்து."

குபாத்தின் தோள் ஒரு முறை துள்ளியது. கோல் பட்டதுபோல்.

வாக்கி-டாக்கியில் மெதெத் கத்தினான். பிறகு மண்வெட்டிகள். ஈரப்பனியை வெட்டும் சத்தம், மூன்று பேரின் மூச்சு, யாரோ ரஷ்ய மொழியில் அழுதுகொண்டே எண்ணும் சத்தம். பொத்தான் அழுந்தியபடியே மெதெத் அதைக் கீழே போட்டிருக்க வேண்டும். சைகல் அதைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த பிரார்த்தனைகள், துஆக்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வாயில் வந்தன. தோண்டு. இன்னும் கொஞ்சம். தோண்டு.

குபாத் கண்ணை மூடி, நல்ல பாட்டைக் கேட்கிறவன்போல் உட்கார்ந்திருந்தான்.

சத்தம் நின்றது. வெகுநேரம் எதுவும் இல்லை. நெஞ்சை அழுத்தும் ஒலி, ஒரே சீராக. அதுவும் நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடி நின்றது. சன்னல் வெளிச்சம் மேசையைக் கடந்து தரைக்கு இறங்கியிருந்தது.

"அண்ணி," என்றான் மெதெத். "எடுத்துட்டோம். நாங்க எடுக்கறப்பவே... முகத்தச் சுத்தி ஐஸ் கட்டியிருந்துச்சு அண்ணி. அவர் விட்ட மூச்சே உறைஞ்சு. ரொம்ப நேரம் மூச்சு விட்டிருக்காரு. நான் கீழ தேடிட்டு இருந்தேன். அவ்வளவு நேரமும் நான் கீழ தேடிட்டு இருந்தேன்."

அவனைத் தேற்றினாள். உன் தப்பு இல்லை என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள். கொண்டுவாங்க என்றது அந்தக் குரல். பலகைகளைச் சேர்த்துக் கட்டி இழுத்து வருவதாக அவன் சொன்னான். சைகல் வாக்கி-டாக்கியை மேசைமேல் வைத்தாள்.

கணவன் இறந்தால் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். கேட்கிறவர்கள் வாசலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், இந்த வீட்டில் ஆண் இல்லை என்று. அவள் தொண்டைவரை அந்த முதல் வரி வந்து நின்றது. எதிரே அவன் உட்கார்ந்திருந்தான். யாருக்காகப் பாடுவது?

"ஏன் நிறுத்திட்டாங்க?" என்றான் குபாத்.

"உன்ன எடுத்துட்டாங்க, கண்ணு."

"யார?"

"உன்னத்தான். மெதெத் உன்ன எடுத்துட்டான். தூக்கிட்டு வர்றான்."

அவன் யோசித்தான். நெற்றியில் ஒட்டியிருந்த பனி அசையவில்லை. "யாரையோ எடுத்திருக்காங்க," என்றான். "நான் இங்கதான் இருக்கேன். இருட்டா இருக்கு, சைகல். கைய அசைக்க முடியல."

சன்னலில் மாலை வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் கண்கள் திறந்தே இருந்தன.

"போறாங்க," என்றான். தலை திரும்பியது. "காலடி தூரமாப் போகுது. போகாதீங்கன்னு சொல்லு. இன்னும் ஒருத்தன் உள்ள இருக்கான்னு சொல்லு." அவன் பயப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. பத்து வருடத்தில் ஒரு நாள்கூட இல்லை. "போறாங்க, சைகல். யாருமே தோண்டல."

அவள் எழுந்தாள்.

பயம் இன்னும் இருந்தது. மேசைக்கு அப்பால் இருப்பது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரல் தெரியும். அது தனியாக இருட்டில் கிடந்து கூப்பிடுவதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியாது.

"நான் தோண்டினா உனக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

கதவோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குடிலின் பின்சுவர் மேட்டுக்குள் புதைந்திருந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு எட்டு வைத்தால் கூரை. பலகைமேல் மண் பூசிய தட்டைக் கூரை. பனியெல்லாம் அதற்குள் உருகி, ஈர மண் வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. புகைக்குழாயிலிருந்து புகை நேராக ஏறியது. அவள் அடி எடுத்து வைத்ததும் கீழேயிருந்து குரல் வந்தது.

"யாரு?"

"நான்தான்."

"சைகல். கொஞ்சம் எடது பக்கம்."

இடது பக்கம் நகர்ந்து மண்ணை வெட்டினாள். கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. கைகளில் கொப்புளம் கண்டது. பேசிக்கொண்டே வெட்டினாள், தான் போகவில்லை என்று அவனுக்குத் தெரியும்படி. நுரைமுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியாயிற்று என்றாள். சடை நீளமாகிவிட்டது என்றாள். அவன் ம் என்றான். ஒவ்வொரு ம்மும் முந்தினதைவிடச் சின்னதாக இருந்தது.

தூரத்தில், மேட்டைத் தாண்டி, மூன்று உருவங்கள் இறங்கி வந்தன. பின்னால் எதையோ இழுத்துக்கொண்டு. தார்ப்பாயில் சுற்றிய நீளமான ஒன்று. பார்த்தாள். குனிந்து வெட்டினாள்.

பலகை தென்பட்டது. மண்வெட்டியின் முனையைச் சந்தில் கொடுத்து நெம்பினாள். வரவில்லை. மறுபடி நெம்பினாள். ஆணி கிரீச்சிட்டுக்கொண்டு கழன்றது. பலகையைத் தூக்கி எறிந்தாள்.

கீழே அறை இல்லை.

பனி. சாம்பல் நிறமாய், கல்லாய் இறுகி, கூரையின் அடிவரை நிறைந்திருந்த பனி. அடுப்பு இல்லை. மேசை இல்லை. பக்கத்தில் குழாயிலிருந்து புகை மட்டும் இன்னும் வந்துகொண்டிருந்தது.

"சைகல்," என்றது அதற்குள்ளிருந்து. ரொம்பப் பக்கத்தில்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் பறித்தாள். நகம் பிய்ந்தது. பறித்தாள். விரல்கள் ஒரு வழவழப்பில் பட்டன. கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டி, முகத்தின் வடிவத்தில் குழிந்து. அதற்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது.

முற்றத்தில் பலகைகள் உரசி நின்றன.

"அண்ணி." மெதெத்தின் குரல் உடைந்திருந்தது. "கீழ வாங்க அண்ணி. அண்ணனக் கொண்டாந்திருக்கோம்."

திரும்பிப் பார்த்தாள். தார்ப்பாயின் மேல்பகுதியை அவர்கள் விலக்கியிருந்தார்கள். குபாத். தாடியில் பனி உருகி, கன்னத்தில் வழிந்து, சட்டைக் காலரை நனைத்துக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது.

அவள் கைக்குக் கீழே, பனிக்கட்டிக்கு அப்பால், ஒரு வாய் திறந்தது. உள்ளிருந்து, மிக மெதுவாக, ஆவி படிந்தது.

"நிறுத்தாத."